திரையில் கண்ட கப்பலைக் கையால் செய்தல்

நுழையும்முன்

தொலைக்காட்சியில் ஒரு விண்கப்பலைக் காண்கிறோம். அது போன்ற ஒன்றைச் செய்து மேசைமீது வைக்க விரும்புகிறோம். 'அது போன்ற ஒன்று' என்பதற்கும் 'அதுவே' என்பதற்கும் இடையில் எவ்வளவு தொலைவு உண்டு? அத்தொலைவைக் கடக்க அளவுகோல் மட்டும் போதுமா? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

ஆற்றுக்கு அப்பால் ஏழு அதிசயங்கள்

தில்லி மயூர் விஹார் முதல் பகுதி மெட்ரோ நிலையத்தில் நீலத் தடமும் இளஞ்சிவப்புத் தடமும் சந்திக்கின்றன. இளஞ்சிவப்புத் தடத்தில் ஏறினால் வண்டி யமுனையைக் கடந்து அடுத்த நிலையமாகிய சராய் காலே கானை அடையும். அந்நிலையத்திற்கு அருகில் 2019ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பூங்கா ஒன்று உள்ளது. தாஜ்மகால், ஈபிள் கோபுரம், பைசா சாய்கோபுரம், எகிப்தியப் பிரமிடு, உரோமின் வட்ட அரங்கு, சுதந்திர தேவி சிலை, மீட்பர் கிறித்து சிலை ஆகிய ஏழும் அங்கே ஒரே வளாகத்தில் நிற்கின்றன. பழைய வண்டிகளின் உறுப்புகள், இரும்புக் குழாய்கள், மின்விசிறிகள் முதலான கழிவுப் பொருள்களைக் கொண்டே அவை உருவாக்கப்பட்டன. கபாடிவாலாவின் கடையில் கிடக்கும் பொருள்கள் அங்கே கோபுரங்களாக உயர்ந்துள்ளன.

அப்பூங்காவிலுள்ள தாஜ்மகாலைக் காண்பவர் எவரும் அதனை ஆக்ராவிலுள்ள தாஜ்மகால் என்று எண்ணி ஏமாற மாட்டார். வடிவம் நினைவூட்டுகிறது, பொருள் வேறுபடுகிறது, அளவு சுருங்கியுள்ளது. இதுவும் ஒருவகை நகலே. ஆனால் உலகில் வேறொரு வகை நகலும் உண்டு. மூலப்பொருளின் நீளம், அகலம், நிறம், மேற்பரப்பு, உள்ளே மறைந்திருக்கும் திருகாணி வரை எல்லாவற்றையும் ஆராய்ந்து, வேறுபாடு காண இயலாதவாறு செய்யப்படுவது அது. அதனை இப்பாடத்தில் 'நகலுரு' என்று குறிப்பிடுவோம்.

அறிவியல் புனைகதைத் தொடர்களில் தோன்றும் பொருள்களுக்கு நகலுரு செய்வது இன்று பல நாடுகளில் ஒரு கலையாகவே வளர்ந்துள்ளது. அக்கலையின் அடிப்படைகளை அறிவதற்கு ஒரு புகழ்பெற்ற கப்பலின் வரலாறு பெரிதும் உதவும்.

பதினோர் அடிக் கப்பல்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 செப்டம்பர் 8ஆம் நாள் 'ஸ்டார் டிரெக்' என்னும் தொடர் தொடங்கியது. அது 1969ஆம் ஆண்டு வரை ஒளிபரப்பாயிற்று. 1980களில் நம் நாட்டுத் தூர்தர்ஷனிலும் அத்தொடர் காட்டப்பட்டது. அக்காலத்தில் சிறுவர்களாக இருந்தோருள் பலர் இன்று பெற்றோராக இருக்கின்றனர்.

அத்தொடரின் நாயகர்கள் பயணம் செய்யும் விண்கப்பலின் பெயர் எண்டர்பிரைஸ். அதனை வடிவமைத்தவர் மேட் ஜெஃப்ரீஸ். தட்டையான வட்டு ஒன்று, அதன் கீழே உருளை வடிவ உடல், பின்புறம் உயர்ந்து நீளும் இரண்டு எந்திரக் குழல்கள் என்பதே அதன் தோற்றம். கதையில் அதன் நீளம் 947 அடி. படப்பிடிப்புக்காகச் செய்யப்பட்ட மாதிரியின் நீளமோ ஏறத்தாழ 11 அடி.

முதலில் 1964ஆம் ஆண்டு ரிச்சர்ட் டேட்டின் என்னும் கலைஞர் 33 அங்குல நீளத்தில் சிறிய மாதிரி ஒன்றைச் செய்தார். அது ஒப்புதல் பெற்றபின், அதனைப்போல் நான்கு மடங்கு நீளமுள்ள பெரிய மாதிரி அவரது மேற்பார்வையில் உருவாயிற்று. மரம், நெகிழி, உலோகத் தகடு ஆகியவற்றால் ஆன அம்மாதிரி ஏறத்தாழ 200 பவுண்டு, அதாவது 90 கிலோ எடை கொண்டது. நீலத்திரையின் முன் அது அசையாமல் நிறுத்தப்பட்டது. படக்கருவிதான் அதனை நோக்கி நகர்ந்தது. திரையில் பார்ப்போர்க்குக் கப்பல் விரைந்து பறப்பதாகத் தோன்றியது.

தொடர் முடிந்தபின் 1974ஆம் ஆண்டு அம்மாதிரி வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்திற்கு வழங்கப்பட்டது. உண்மையாகவே வானில் பறந்த ஊர்திகளுக்கு நடுவே, ஒருபோதும் பறந்திராத இக்கப்பலும் இடம்பெற்றது. நகலுரு செய்வோர் அனைவருக்கும் அதுவே மூலச்சான்று ஆயிற்று.

எந்த நாளின் கப்பல்?

நகலுரு செய்வோர் முதலில் விடைகாண வேண்டிய வினா, 'எதைச் செய்வது?' என்பதாகும். 'எண்டர்பிரைஸைச் செய்வது' என்பது முழுமையான விடையன்று. ஏனெனில் அம்மாதிரி ஒரே நிலையில் இருந்ததில்லை. வெள்ளோட்டப் படம் எடுக்கப்பட்ட காலத்தில் எந்திரக் குழல்களின் முகப்பிலிருந்த குமிழ்கள் ஒளிராத மரக்கட்டைகளாகவே இருந்தன. வாரந்தோறும் ஒளிபரப்பாகும் தொடராக அது விரிந்தபோது அக்குமிழ்கள் நீக்கப்பட்டு, ஒளி ஊடுருவும் புதிய குமிழ்கள் பொருத்தப்பட்டன. அவற்றின் உள்ளே சிறிய வண்ண விளக்குகளும் சுழலும் அமைப்பும் வைக்கப்பட்டன. அவை சுழன்றபோது நெருப்பு கனன்று சுழல்வது போன்ற தோற்றம் கிடைத்தது. இவ்வாறு மாதிரி சில முறை மாற்றம் பெற்றது.

எனவே துல்லியம் என்பது ஒரு பொருளுக்கு மட்டும் உரியதன்று. ஒரு காலத்திற்கும் உரியது. முதற்காலக் குமிழையும் பிற்காலச் சாளரங்களையும் ஒரே நகலுருவில் இணைத்தால், ஒவ்வோர் உறுப்பும் சரியாக இருந்தும் முழுமை பிழையாகிவிடும். அத்தகைய கப்பல் எந்நாளிலும் இருந்ததில்லை. அருங்காட்சியகத்தார் பிற்காலத்தில் அம்மாதிரியைச் செப்பனிட்டபோது, 1967 ஆகஸ்டு மாதத்தில் அது எவ்வாறு இருந்ததோ அந்நிலையையே இலக்காகக் கொண்டனர். படப்பிடிப்புக் காலத்தில் அதில் செய்யப்பட்டதாக அறியப்படும் கடைசி மாற்றம் அம்மாதத்திற்கு உரியதாகும்.

திரை காட்டாத இடப்புறம்

தொடரைப் பலமுறை பார்த்தோர்க்கும் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அம்மாதிரியின் வலப்புறம் மட்டுமே முழுமையாக முடிக்கப்பட்டது. விளக்குகளுக்கு மின்சாரம் தரும் கம்பிகள் இடப்புறத்தின் வழியாகவே உள்ளே சென்றன. ஆகவே இடப்புறத்தில் சாளரங்களும் அடையாளங்களும் முழுமை பெறவில்லை. கப்பலின் இடப்புறத்தைத் திரையில் காட்ட வேண்டிய தேவை ஏற்பட்டபோது, எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி எழுதி வலப்புறத்தில் ஒட்டினர். வலப்புறத்தையே படமெடுத்துப் பின்னர் படத்தை இடவலமாகத் திருப்பினர்.

நகலுரு செய்வோர்க்கு இங்கே ஓர் உண்மையான சிக்கல் எழுகிறது. அவர் செய்வது கதையில் வரும் கப்பலின் நகலா, அல்லது படப்பிடிப்பு அரங்கில் நின்ற மாதிரியின் நகலா? கதைக்கப்பலுக்கு இரண்டு புறமும் உண்டு. அரங்கில் நின்ற மாதிரிக்கோ ஒருபுறமே முழுமை பெற்றது. முதலாவதைச் செய்வோர் இடப்புறத்தையும் அழகுற முடிக்கலாம். இரண்டாவதைச் செய்வோர் அதனை வெறுமையாகவே விட வேண்டும். கம்பிகள் செல்லும் வழியையும் காட்ட வேண்டும். அருங்காட்சியகம் இடப்புறத்தை நிரப்பவில்லை. இல்லாத ஒன்றை அழகுக்காக இட்டு நிரப்பினால், பின்வரும் தலைமுறை அதனை வரலாறு என்று நம்பிவிடும். 

சான்று திரட்டல்

எதைச் செய்வது என்று தெளிந்தபின் சான்றுகளைத் திரட்ட வேண்டும். சான்றுகள் எல்லாம் ஒரே தகுதி உடையவை அல்ல. அவற்றைப் பின்வருமாறு வரிசைப்படுத்தலாம்.

முதலாவது, மூலப்பொருளே. அதனை நேரில் அளக்க முடிந்தால் அதற்கு ஈடான சான்று வேறில்லை.
இரண்டாவது, வடிவமைத்தவர் வரைந்த வரைபடங்கள். இவற்றிலும் எச்சரிக்கை தேவை. வரைந்தபடியே பொருள் செய்யப்படுவதில்லை. செய்யும்போது மாற்றங்கள் நேரும்.
மூன்றாவது, படப்பிடிப்பின்போது எடுக்கப்பட்ட ஒளிப்படங்கள்.
நான்காவது, திரையில் கண்ட காட்சி.
ஐந்தாவது, நினைவு.

நினைவே எல்லாவற்றுள்ளும் வலிமை குறைந்த சான்று என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஒருவர் மிக விரும்பிப் பார்த்த பொருளை அவரது மனம் தன் விருப்பத்திற்கேற்ப மாற்றிவிடும். ஆகவேதான் 2014ஆம் ஆண்டு தொடங்கிய செப்பனிடும் பணிக்காக, மாதிரியின் பழைய ஒளிப்படங்களை வைத்திருப்போர் அவற்றைத் தந்து உதவுமாறு அருங்காட்சியகத்தார் பொதுமக்களிடம் வேண்டினர். அறிஞர்களிடம் இல்லாத சான்று ஒரு வீட்டின் பழைய படத்தொகுப்பில் இருக்கக்கூடும் அன்றோ? மருத்துவர் எலும்பைக் காண்பதுபோல, மாதிரியின் உட்புறத்தை ஊடுகதிர்ப் படங்கள் வழியாகவும் ஆராய்ந்தனர். மரம் எங்கே இணைக்கப்பட்டது, ஆணி எங்கே அறையப்பட்டது என்பவற்றை உடைக்காமலே அறிவதற்கு அம்முறை உதவியது.

அளவும் விகிதமும்

மூலப்பொருள் கடல் கடந்த நாட்டில் இருக்கிறது. மயூர் விஹாரில் வாழும் மாணவி ஒருத்தி பள்ளிக் கண்காட்சிக்காக அக்கப்பலின் நகலுருவை அட்டையில் செய்ய விழைகிறாள் எனக் கொள்வோம். அவளிடம் இருப்பது பக்கவாட்டில் எடுக்கப்பட்ட ஒளிப்படம் ஒன்றே. அவள் எவ்வாறு அளவு காண்பாள்?

அதற்கு உதவுவது ஏழாம் வகுப்புக் கணக்கில் வரும் விகிதமே. ஒளிப்படத்தில் கப்பலின் முழு நீளம் 20 செ.மீ. இருக்கிறது, வட்டின் விட்டம் 8.8 செ.மீ. இருக்கிறது. 8.8ஐ 20ஆல் வகுத்தால் 0.44 கிடைக்கும். அவள் செய்ய விரும்பும் நகலுருவின் நீளம் 50 செ.மீ. எனின், வட்டின் விட்டம் 50 × 0.44 = 22 செ.மீ. ஆகும். இவ்விடை சரியா என்பதைச் சோதிக்கவும் வழி உண்டு. வடிவமைப்பாளர் தந்த கணக்கின்படி கதைக்கப்பலின் நீளம் 947 அடி. வட்டின் விட்டம் 417 அடி. 417ஐ 947ஆல் வகுத்தாலும் ஏறத்தாழ 0.44 என்றே வருகிறது. இரண்டு வெவ்வேறு வழிகள் ஒரே விடையைத் தருமாயின் அவ்விடையை நம்பலாம்.

இம்முறையில் இரண்டு இடர்கள் உள்ளன. ஒன்று, பிழை பெருகுதல். 20 செ.மீ. படத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறாக அளந்தால், 50 செ.மீ. நகலுருவில் அது இரண்டரை மில்லிமீட்டராக வளரும். ஆகவே படத்தைப் பெரிதாக்கி அளப்பதும், ஒரே இடத்தை மூன்று முறை அளந்து சராசரி காண்பதும் நன்று. மற்றொன்று, தோற்றப்பிழை. படக்கருவிக்கு அருகிலிருப்பது பெரிதாகவும் தொலைவிலிருப்பது சிறிதாகவும் தோன்றும். மெட்ரோ நடைமேடையில் நிற்பவர்க்குத் தண்டவாளங்கள் தொலைவில் ஒன்றுசேர்வதுபோலத் தெரிவதும் இதனாலேயே. எனவே கப்பலைச் சாய்வாகக் காட்டும் படங்களை விடுத்து, தொலைவில் நின்று நேர் பக்கவாட்டில் எடுத்த படத்தையே அளவுக்குக் கொள்ள வேண்டும்.

கடையில் வாங்கிய எதிர்காலம்

தொலைக்காட்சித் தொடர்களின் பொருள்கள் பெரும்பாலும் குறைந்த செலவில், விரைவாகச் செய்யப்பட்டவை. ஆதலால் கடைகளில் கிடைத்த பொருள்கள் பலவும் அவற்றில் கலந்துள்ளன. ஸ்டார் டிரெக் தொடரில் உப்பை உண்டு வாழும் உயிரி ஒன்று தோன்றும் கதை உண்டு. அக்கதைக்காகப் புதுமையான வடிவுடைய உப்புக்குடுவைகள் வாங்கப்பட்டன. அவற்றைக் காண்போர் உப்புக்குடுவை என்று அறிந்துகொள்ள மாட்டார்கள் என்னும் ஐயம் எழுந்தது. எனவே கதையில் எளிய குடுவைகளே பயன்பட்டன. ஆனால் புதிய குடுவைகள் வீணாகவில்லை. அவை தொடரில் வரும் மருத்துவரின் சோதனைக் கருவிகளாயின! உணவு மேசைக்காகச் செய்யப்பட்ட பொருள் வருங்கால மருத்துவத்தின் அடையாளமாயிற்று.

பிரித்தானியத் தொடரான 'டாக்டர் ஹூ'வில் 1963ஆம் ஆண்டு தோன்றிய டாலெக் என்னும் எந்திர உயிரிக்கும் இத்தகைய வரலாறு உண்டு. ரேமண்ட் குசிக் வடிவமைத்த அவ்வுயிரியின் கையாக அமைந்தது, அடைத்துக்கொண்ட கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்ய உதவும் இரப்பர்க் கிண்ணம் பொருத்திய கோல். அத்தொடரின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி 1973ஆம் ஆண்டு 'ரேடியோ டைம்ஸ்' இதழ் வெளியிட்ட சிறப்பு மலரில், டாலெக்கை வீட்டிலேயே செய்வதற்குரிய வரைபடம் இடம்பெற்றது.

இதனால் நகலுரு செய்வோர் துப்பறிவாளர் ஆகின்றனர். திரையில் தெரியும் ஒரு குமிழ் எந்தக் கடைப்பொருளிலிருந்து எடுக்கப்பட்டது என்று தேடுகின்றனர். அதே பொருள் கிடைத்துவிட்டால் அளக்கும் வேலையே இல்லை. மூலமும் நகலும் ஒரே அச்சில் வார்த்தவை ஆகிவிடும். மேலும், அளவு தெரிந்த ஒரு கடைப்பொருள் படத்தில் இருந்தால் அதனையே அளவுகோலாகக் கொண்டு அருகிலுள்ள மற்ற உறுப்புகளையும் அளக்கலாம். தில்லியில் இத்தகைய தேடலுக்குச் செங்கோட்டைக்கு எதிரே அமைந்த லஜ்பத் ராய் சந்தை ஏற்ற இடமாகும். விளக்குகள், விசைகள், சிறு மின்பொறிகள் எனப் பலவும் அங்கே கிடைக்கும்.

நிறம் என்னும் புதிர்

வடிவத்தை அளவுகோல் காட்டும். நிறத்தை எது காட்டும்? ஸ்டார் டிரெக் தொடரில் கப்பல் தலைவர் அணியும் சட்டை திரையில் பொன்னிறமாகத் தெரியும். உண்மையில் அத்துணியின் நிறம் பசுமை கலந்தது. படப்பிடிப்பு விளக்குகளின் ஒளியும் படச்சுருளின் தன்மையும் சேர்ந்து அதனைப் பொன்னிறமாகக் காட்டின. கண்ணால் கண்டதும் பொய்யாகலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

எனவே நிறத்தைத் திரையிலிருந்து எடுக்கலாகாது. மூலப்பொருளில் எஞ்சியுள்ள வண்ணத்திலிருந்தே எடுக்க வேண்டும். எண்டர்பிரைஸ் மாதிரி அருங்காட்சியகத்திற்கு வந்தபின் 1974, 1984, 1991 ஆகிய ஆண்டுகளில் பழுது பார்க்கப்பட்டது. 1991இல் அதன்மேல் தீட்டப்பட்ட அடர்த்தியான கோடுகளும் நிழல்களும் மூலத்தில் இருந்தவை அல்ல என்று தொடரை நன்கறிந்த பலர் குறை கூறினர். நல்லெண்ணத்துடன் செய்யப்படும் பணியும் மூலத்தை மறைத்துவிடக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

நல்வாய்ப்பாக, வட்டின் மேற்பரப்பில் மட்டும் 1960களின் வண்ணம் அப்படியே எஞ்சியிருந்தது. 2014ஆம் ஆண்டு தொடங்கிய பணியில் வல்லுநர்கள் அப்பரப்பைப் புதிதாகத் தீட்டாமல் காத்தனர். பிற இடங்களில் பிற்கால வண்ண அடுக்குகளை மெல்லத் தேய்த்து, அடியிலிருந்த பழைய வண்ணத்தைக் கண்டறிந்தனர். வெங்காயத்தின் தோலை உரிப்பதுபோல ஒவ்வோர் அடுக்காகச் செல்லும் பொறுமை அதற்குத் தேவைப்பட்டது. ஒருமுறை அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டால் இழந்த வண்ணத்தை மீண்டும் பெற இயலாது. 2016 ஜூலை முதல் நாள் அம்மாதிரி மீண்டும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பழைய விளக்குகள் வெப்பத்தை மிகுதியாக வெளியிட்டன. எனவே வெப்பம் குறைந்த எல்.இ.டி. விளக்குகள் பழைய ஒளியின் தோற்றத்தைத் தருமாறு பொருத்தப்பட்டன. 

ஓலை நறுக்கும் அளவுகோலே

துல்லியமாக அளந்து உருச்செய்யும் மரபு தமிழர்க்குப் புதியதன்று. தஞ்சை மாவட்டத்துச் சுவாமிமலையில் வாழும் சிற்பிகள் இன்றும் மெழுகு வார்ப்பு முறையில் படிமங்களைச் செய்கின்றனர். செய்ய வேண்டிய படிமத்தின் உயரத்திற்கு ஏற்பத் தென்னை ஓலை நறுக்கு ஒன்றை வெட்டி, அதனைப் பகுதி பகுதியாக மடித்து அளவு குறிக்கின்றனர். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, கால் இவ்வளவு என்னும் விகிதம் அம்மடிப்புகளில் அடங்கிவிடும். படிமம் சிறிதாயினும் பெரிதாயினும் ஓலையின் நீளம் மட்டுமே மாறும், விகிதம் மாறாது. அட்டைக் கப்பல் செய்யும் மாணவி 0.44 என்னும் எண்ணால் செய்த வேலையை, சிற்பி ஓலையின் மடிப்பால் செய்கிறார்.

பின்னர் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி உலர்த்துவர். சூடாக்கியதும் மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவர். ஆறியபின் மண்ணை உடைத்தே படிமத்தை எடுக்க வேண்டும். அச்சு உடைந்துவிடுவதால் ஒவ்வொரு படிமமும் தனித்ததாகிறது. விகிதம் ஒன்றாயினும் எந்த இரண்டும் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. நகலுருக் கலை 'அதுவே ஆக வேண்டும்' என்கிறது. சிற்பக் கலையோ 'முறை வழுவாமல் புதிதாக வேண்டும்' என்கிறது. இரண்டிற்கும் அளவே அடித்தளம்.

சுவாமிமலைச் சிற்பிகள் செய்த, ஏறத்தாழ 27 அடி உயரமுள்ள நடராசர் சிலை 2023ஆம் ஆண்டு தில்லிப் பிரகதி மைதானத்திலுள்ள பாரத மண்டபத்தின் முன் நிறுவப்பட்டது. மயூர் விஹாரிலிருந்து நீலத் தடத்தில் சில நிலையங்களைக் கடந்தால் அவ்விடத்தை அடையலாம்.

நகலும் நேர்மையும்

துல்லியம் மிகும்போது பொறுப்பும் மிகுகிறது. மூலத்திலிருந்து பிரித்தறிய இயலாத நகலுருவைச் செய்தவர் அதனை மூலம் என்று சொல்லி விற்றால், அது கலையன்று, மோசடி. ஆகவே நேர்மையான கலைஞர் தாம் செய்த பொருளின் அடியில் 'நகல்' என்னும் குறிப்பையும் செய்த ஆண்டையும் பொறிப்பார்.

மூலத்தைப் பற்றிய துல்லியமான பதிவுகள் காணாமற்போனதை மீட்கவும் உதவும். டேட்டின் செய்த 33 அங்குல மாதிரி 1970களின் இறுதியில் காணாமற்போயிற்று. பல்லாண்டுகளுக்குப் பின் 2023ஆம் ஆண்டு அது ஓர் இணைய ஏலத்தில் தோன்றியது. வல்லுநர்கள் அதனை ஆராய்ந்து மூலம் என உறுதி செய்தபின், 2024ஆம் ஆண்டு தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெர்ரியின் குடும்பத்திடம் அது சேர்க்கப்பட்டது.

பாதுகாப்பும் பொறுப்பின் ஒரு பகுதியே. வெட்டும் கருவிகளையும் தெளிப்பு வண்ணங்களையும் பெரியோர் துணையுடன், காற்றோட்டமுள்ள இடத்தில் பயன்படுத்த வேண்டும். குளிர்காலத்தில் கதவுகளை அடைத்துவைக்கும் தில்லி வீடுகளில் இது மிகவும் இன்றியமையாதது. துப்பாக்கி போன்ற தோற்றமுடைய நகலுருவை மெட்ரோவிலோ சந்தையிலோ எடுத்துச் செல்வது பிறரை அச்சுறுத்தும். அதனைத் தவிர்க்க வேண்டும்.

எது மூலம், எது நகல் என்று அறியும் கண் இவ்வாறு பழகப்பழகவே வாய்க்கிறது. தில்லி நேரு கோளரங்கில் ஒரு விண்கலக்கூடு வைக்கப்பட்டுள்ளது. 1984 ஏப்ரல் 11ஆம் நாள் ராகேஷ் சர்மா விண்வெளியிலிருந்து பூமிக்குத் திரும்பிய சோயுஸ் டி-10 கலத்தின் பகுதி அது. அதன் புறத்தில் உள்ள கருகல் எவரும் தூரிகையால் தீட்டியதன்று. வளிமண்டலத்தின் வெப்பம் தீட்டியது. நகலுரு செய்யப் பழகிய மாணவி அதன்முன் நின்றால், மற்றவர்களைவிட நெடுநேரம் நிற்பாள். கருமை எங்கே அடர்ந்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது, ஏன் அவ்வாறு அமைந்தது என்று பார்ப்பாள். கையால் ஒன்றைச் செய்ய முயன்றவர்க்குப் பிறர் செய்ததைப் பார்க்கும் முறை தானே வந்துவிடுகிறது.

சொல்லும் பொருளும்

நகலுரு – மூலத்தை முற்றும் ஒத்த உருவம்
வெள்ளோட்டம் – முதன்முதலாகச் செய்து பார்க்கும் முயற்சி
ஊடுகதிர் – பொருளின் உள்ளே புகுந்து காட்டும் கதிர்
படிமம் – உலோகத்தால் ஆன தெய்வ உருவம்
நறுக்கு – வெட்டிய சிறு துண்டு
வழுவாமல் – தவறாமல்
கனன்று – தீப்போல் ஒளிர்ந்து

கற்பவை கற்றபின்

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. சான்றுகளுள் வலிமை குறைந்ததாகப் பாடம் கூறுவது
(வரைபடம் / ஒளிப்படம் / நினைவு / மூலப்பொருள்)

2. படத்தில் கப்பலின் நீளம் 20 செ.மீ., வட்டின் விட்டம் 8.8 செ.மீ. எனின், 75 செ.மீ. நகலுருவில் வட்டின் விட்டம்
(22 செ.மீ. / 30 செ.மீ. / 33 செ.மீ. / 44 செ.மீ.)

ஆ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. எண்டர்பிரைஸ் மாதிரியின் இடப்புறம் ஏன் முழுமை பெறவில்லை?
2. உப்புக்குடுவைகள் மருத்துவக் கருவிகளானது எவ்வாறு?
3. சுவாமிமலையில் ஒரு படிமத்தின் அச்சை மீண்டும் பயன்படுத்த இயலாதது ஏன்?

இ) விரிவாக விடை எழுதுக.

1. 'துல்லியம் என்பது ஒரு காலத்திற்கும் உரியது' – பாடக்கருத்தைக் கொண்டு விளக்குக.
2. நீ அருங்காட்சியகப் பொறுப்பாளராக இருந்தால் கப்பலின் இடப்புறத்தை முழுமைப்படுத்துவாயா? காரணம் கூறி எழுதுக.

ஈ) பிரித்து எழுதுக.

ஒளிப்படம், மூலச்சான்று, அவ்வெற்றிடம், நல்லெண்ணம்

உ) செயல்பாடு

உன் வீட்டில் உள்ள பழைய பொருள் ஒன்றைத் தேர்ந்தெடு. ஊரிலிருந்து கொண்டுவந்த குத்துவிளக்காகவோ, கொலுப் பொம்மையாகவோ, அஞ்சறைப்பெட்டியாகவோ அது இருக்கலாம். முதலில் அதனைப் பார்க்காமல் நினைவிலிருந்து வரைக. பின்னர் அதனை எதிரில் வைத்து, மூன்று இடங்களில் அளந்து, பாதி அளவில் மீண்டும் வரைக. இரண்டு படங்களுக்கும் இடையே கண்ட வேறுபாடுகளைப் பட்டியலிடுக. அப்பொருளில் உள்ள கீறல், நசுங்கல், தேய்வு ஆகியவை எவ்வாறு நேர்ந்தன என்று வீட்டிலுள்ள தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் தமிழில் கேட்டறிந்து பத்துத் தொடர்களில் எழுதுக.